ஃபயர்வால் ஓடுகிறது, போர்ட் மூடவில்லையே?

வாசகர் கேள்விகள்: கணினிப் பகுதி

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே ரகம். ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் மென்பொருள்) போட்டாகிவிட்டது, ஆனாலும் சோதித்துப் பார்த்தால் ஏதோ ஒரு போர்ட் திறந்திருக்கிறது என்கிறது. கடலூர்க்காரர்களுக்குப் போர்ட் என்றால் துறைமுகம் இருக்கும் முதுநகர்தான் முதலில் நினைவுக்கு வரும். கலைச்சொல் அகராதியிலும் இதற்குத் ‘துறை’ என்றுதான் பெயர். ஓர் ஐ.பி. முகவரிக்கு (நெட்வொர்க்கில் ஒரு கருவியின் அடையாள எண்) டிசிபி என்ற தொடர்பு முறையில் 0 முதல் 65535 வரை துறைகள், யுடிபி என்ற இன்னொரு முறையில் அதே அளவு. எல்லாத் துறையிலும் ஆள், அதாவது இணைப்புக்காகக் காத்திருக்கும் மென்பொருள், நிற்பதில்லை. நிற்கும் ஆள் யார், அவன் நிற்பது யார் வீட்டு வாசலில் என்று தெரியாமல் பூட்டைக் குறை சொல்வதுதான் பல கடிதங்களிலும் தெரிகிறது.

மஞ்சக்குப்பம் வாசகி: லேப்டாப்பில் விண்டோஸ் 11, ஆன்டிவைரஸோடு வந்த ஃபயர்வாலும் இருக்கிறது. இணையத்தில் இலவசமாகப் போர்ட் சோதிக்கும் தளம் ஒன்று, 7547 திறந்திருக்கிறது என்கிறது. அந்த எண்ணைத் தடுத்து டிசிபி, யுடிபி இரண்டுக்கும் ரூல் எழுதினேன். மூன்று முறை ரீஸ்டார்ட் செய்தும் அதே பதில். ஃபயர்வால் பழுதா, சார்?

பழுதில்லை. அந்தத் தளம் தட்டிய கதவு உங்கள் லேப்டாப்பினுடையதே அல்ல, ரவுட்டருடையது. வெளியிலிருந்து பார்த்தால் வீட்டிலுள்ள எல்லாக் கருவிக்கும் சேர்த்து ரவுட்டரின் முகவரி ஒன்றுதான் தெரியும். நீங்கள் உள் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டிருக்கிறீர்கள், தளம் தெருக்கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

சந்தேகமிருந்தால் லேப்டாப்பை ஷட் டவுன் செய்யுங்கள். மூடியை மட்டும் மூடினால் போதாது. போனில் மொபைல் டேட்டாவை அணைத்து, வீட்டு வைஃபையில் அதே தளத்தைத் திறந்து, 7547ஐச் சோதியுங்கள். இப்போதும் ‘ஓப்பன்’ என்றால் லேப்டாப்புக்குச் சம்பந்தமில்லை. அடுத்து ரவுட்டரின் பக்கத்துக்குப் போய் (பெரும்பாலும் 192.168.1.1) ‘வேன்’ (வெளி இணையப் பக்கத்து) முகவரி என்ன என்று பாருங்கள். சோதனைத் தளம் காட்டிய எண்ணும் இதுவும் ஒன்றாக இருந்தால் திறந்திருப்பது ரவுட்டர். வேன் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணிலோ, 10 என்றோ தொடங்கினால், தளம் தட்டியது இணைப்பு தரும் நிறுவனத்தின் பொதுப் பெட்டியை. பல வீடுகளுக்கு ஒரே முகவரியைப் பங்கு போடும் ஏற்பாடு அது. அங்கே நீங்கள் செய்ய ஒன்றுமில்லை.

7547 என்பது டிஆர்-069 என்ற ஏற்பாட்டின் துறை. இணைப்பு தரும் நிறுவனம் தொலைவிலிருந்தே மோடத்தை அமைக்கவும் அப்டேட் போடவும் இதன் வழியாகத்தான் அதைக் கூப்பிடுகிறது. தன் சர்வர் தவிர வேறு யார் கூப்பிட்டாலும் மோடம் பதில் சொல்லக் கூடாது. சொன்னால் என்ன ஆகும் என்பதை 2016 நவம்பரில் ஜெர்மனி பார்த்தது. மிராய் வகை வைரஸ் இதே துறையைத் தட்ட, சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு முடங்கியது. ரவுட்டர் நீங்களே கடையில் வாங்கியதென்றால் அமைப்பில் டிஆர்-069ஐ அணைத்துவிடுங்கள். நிறுவனம் கொடுத்த ஃபைபர் மோடம் என்றால் அணைக்காதீர்கள், அவர்களுடைய சேவையே நின்றுபோகலாம். ‘வெளி முகவரிகளுக்கு 7547 மூடவில்லை, ஃபர்ம்வேர் (மோடத்தின் உள் மென்பொருள்) பாருங்கள்’ என்று புகார் எழுதிக் கொடுங்கள். அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வரும் முன், வேன் பக்கமிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது திறந்திருந்தால் 80, 443, 22, 23 ஆகியவற்றில் ஏதாவதொன்று ஸ்கேனில் தலைகாட்டும். லேப்டாப்பில் எழுதிய ரூல்களை அழித்துவிடலாம்.

முதுநகர் வாசகர்: மொத்த வியாபாரக் கடை. மெயின் கம்ப்யூட்டரில் டாலி பிரைம் கணக்கு மென்பொருள், பில் போடும் மூன்று கம்ப்யூட்டர்களும் அதன் ஷேர் ஃபோல்டரில்தான் வேலை செய்கின்றன. ஆடிட்டர் அலுவலகத் தம்பி லேப்டாப்போடு வந்து ஸ்கேன் செய்து, ‘ஃபயர்வால் இருந்தும் 445, 3389, 9000 மூன்றும் திறந்து கிடக்கு’ என்று சொல்லிவிட்டுப் போனார். ‘பிளாக் ஆல்’ போட்டேன், மூன்று கவுன்டரும் நின்றுவிட்டது. எதை மூடுவது, எதை விடுவது ஐயா?

அவர் உங்கள் கடை நெட்வொர்க்குக்குள் உட்கார்ந்து ஸ்கேன் செய்திருக்கிறார். எனவே இம்மூன்றும் உள்ளிருந்து தெரியும் கதவுகள். இணையத்திலிருந்தும் தெரிகின்றனவா என்பது வேறு சோதனை. அதற்கு ரவுட்டரில் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ (வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கருவிக்கு அனுப்பும் ஏற்பாடு) பட்டியல் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

முதலில் யார் நிற்கிறார் என்று தெரிய வேண்டும். மெயின் கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, நெட்ஸ்டாட் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, கழித்தல் குறி போட்டு, ஒட்டினாற்போல் ஏ, என், ஓ என்ற மூன்று சிறிய ஆங்கில எழுத்துகளை அடியுங்கள். நீளமாக ஓடும் பட்டியலில் இப்படி ஒரு வரி இருக்கும்:

டிசிபி   0.0.0.0:445   0.0.0.0:0   லிசனிங்   4

அந்த வரியில் இரண்டாவதாக உள்ள முகவரிதான் முக்கியம். 0.0.0.0 என்றால் இந்தக் கம்ப்யூட்டரின் எல்லா முகவரியிலும் காது கொடுத்துக் காத்திருக்கிறது என்று பொருள். அதே இடத்தில் 127.0.0.1 என்றிருந்தால் தனக்குள் மட்டும் பேசிக்கொள்கிறது, வெளியாளுக்குக் கேட்காது, விட்டுவிடலாம். கடைசி எண் ப்ராசஸ் எண். 4 என்றால் விண்டோஸே. வேறு எண் என்றால் டாஸ்க் மேனேஜரில் ‘டீடெய்ல்ஸ்’ பக்கம் போய், ‘பிஐடி’ பத்தியில் அந்த எண்ணுக்கு நேரே உள்ள புரோகிராமைப் பாருங்கள்.

இனி ஒவ்வொன்றாக. 3389 ரிமோட் டெஸ்க்டாப். யாரும் வெளியிலிருந்து வந்து வேலை செய்வதில்லை என்றால் இதற்கு ரூல் எழுதி மெனக்கெட வேண்டாம். செட்டிங்ஸ், சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டாப் என்று போய் அணைத்துவிட்டால் துறையில் ஆளே இருக்காது. ஆடிட்டர் தன் அலுவலகத்திலிருந்தே வேலை பார்க்கிறார் என்றாலும் ரவுட்டரில் இதை ஃபார்வர்ட் செய்து வைக்காதீர்கள், விபிஎன் (மறையாக்கிய தனி இணைப்பு) வழியாக வரச் சொல்லுங்கள்.

9000 டாலியினுடையது. வேறு மென்பொருள்கள் டாலியோடு தரவு பரிமாறிக்கொள்ளும் வழி அது. டாலியில் எஃப்1, செட்டிங்ஸ், கனெக்டிவிட்டி என்று போனால் கிளையன்ட்/சர்வர் அமைப்பில் இந்த எண் தெரியும். தனி பில்லிங் மென்பொருளிலிருந்து டாலிக்குக் கணக்கு ஏற்றும் பழக்கம் இல்லையென்றால் அங்கே ‘நன்’ என்று மாற்றிவிடலாம். கவுன்டர்கள் நிற்காது, அவை ஷேர் ஃபோல்டர் வழியாகத்தான் ஓடுகின்றன.

அந்த ஷேர் ஃபோல்டர்தான் 445. இதை மூடியதால்தான் கடை நின்றது. திறந்தும் இருக்க வேண்டும், எல்லோருக்கும் திறந்திருக்கவும் கூடாது. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை என்ற பிணைத்தொகை கேட்கும் வைரஸ் இந்தத் துறை வழியாகத்தான் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. அதற்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. உங்கள் கடையில் இது ஏறுவதென்றால் இணையத்திலிருந்து நேராக வர வேண்டியதில்லை. கடை வைஃபையைக் கேட்டு வாங்கும் யாரோ ஒருவரின் லேப்டாப் போதும்.

எனவே மூன்று கவுன்டர்களுக்கு மட்டும் வழிவிடுங்கள். ரவுட்டரின் டிஹெச்சிபி (கருவிகளுக்கு முகவரி வழங்கும்) பக்கத்தில் மூன்று கம்ப்யூட்டருக்கும் நிரந்தர முகவரி ஒதுக்குங்கள். 192.168.1.21, 22, 23 என்று வைத்துக்கொள்வோம். இதைச் செய்யாவிட்டால் ஒருநாள் கரன்ட் போய் வந்ததும் முகவரி மாறி, கவுன்டர் நிற்கும், பழி ஃபயர்வால் மேல் விழும். பிறகு மெயின் கம்ப்யூட்டரில் ஸ்டார்ட் தேடலில் ‘விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால் வித் அட்வான்ஸ்டு செக்யூரிட்டி’யைத் திறந்து, ‘இன்பவுண்ட் ரூல்ஸ்’ பட்டியலை ‘லோக்கல் போர்ட்’ பத்தியால் வரிசைப்படுத்துங்கள். 445க்கு நேரே பச்சை டிக் உள்ள ஒவ்வொரு ரூலையும் திறந்து, ‘ஸ்கோப்’ பக்கத்தில் ‘ரிமோட் ஐ.பி. அட்ரஸ்’ என்பதன் கீழ் அந்த மூன்று முகவரிகளை மட்டும் சேருங்கள். ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் ‘பிரைவேட்’ (நம்பகமான சொந்த நெட்வொர்க்) மட்டும் டிக்காக இருக்கட்டும். ‘பப்ளிக்’ (நம்பாத பொது நெட்வொர்க்) டிக்கை எடுத்துவிடுங்கள். ‘பிளாக் ஆல்’ அமைப்பை விலக்க மறக்காதீர்கள், அது இருக்கும்வரை எந்த அனுமதி ரூலும் செல்லாது.

இவ்வளவும் செய்து மற்றவர்களுக்கும் திறந்தே இருந்தால் காரணம் பெரும்பாலும் புரோகிராம் ரூல். ஒரு மென்பொருள் முதல்முறை காது கொடுக்கும்போது விண்டோஸ் ஒரு பெட்டி காட்டிக் கேட்கும். அவசரத்தில் ‘அலோ’ அழுத்தினால் அந்த மென்பொருள் திறக்கும் எல்லாத் துறைக்கும் சேர்த்து அனுமதி எழுதப்பட்டுவிடும். இந்த ரூலில் போர்ட் எண்ணே இருக்காது, ‘எனி’ என்றுதான் இருக்கும். அதனால்தான் எண்ணைத் தேடுகிறவர் கண்ணில் படுவதில்லை. 9000க்குத் தொல்லை வருவது பெரும்பாலும் இப்படித்தான். இதற்கு நேரெதிரான தொல்லையும் உண்டு. அந்தப் பெட்டியில் ‘கேன்சல்’ அழுத்தினால் டிசிபிக்கு ஒன்றும் யுடிபிக்கு ஒன்றுமாகத் தடை ரூல்கள் எழுதப்படும். விண்டோஸில் தடைக்கும் அனுமதிக்கும் மோதல் வந்தால் தடையே வெல்லும். மேலே எத்தனை அனுமதி அடுக்கினாலும் திறக்காது. சிவப்புக் குறியுள்ள பழைய ரூலைத் தேடி நீக்க வேண்டும்.

இன்னொன்று, ரவுட்டர் மாற்றிய அன்று நடப்பது. விண்டோஸ் ஒரு நெட்வொர்க்கை அடையாளம் காண்பது ரவுட்டரின் வன்முகவரியை (மேக் அட்ரஸ்) வைத்து. மழையிலோ இடியிலோ ரவுட்டர் போய்ப் புதியது வந்தால், ‘புது இடம்’ என்று நினைத்து அதை ‘பப்ளிக்’ பட்டியலில் போட்டுவிடும். ஷேர் ஃபோல்டர் நிற்கும். சரிசெய்ய வருகிறவர் நெட்வொர்க்கை ‘பிரைவேட்’ ஆக்குவதற்குப் பதிலாக ‘பப்ளிக்’கிலும் 445ஐத் திறந்துவிட்டுப் போவார். கடை ஓடும். ஆடிட்டர் அலுவலகத் தம்பி வரும்வரை யாருக்கும் தெரியாது.

கடைசியாக, பட்டியலில் இல்லாத ஒரு லேப்டாப்பைக் கடை வைஃபையில் இணைத்து, அதில் பவர்ஷெல் திறந்து ‘டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்’ கட்டளைக்கு மெயின் கம்ப்யூட்டரின் முகவரியையும் ‘-போர்ட்’ 445ஐயும் கொடுங்கள். எழுத்துகள் மட்டும் ஆங்கிலத்தில். கடைசி வரியில் ‘ஃபால்ஸ்’ வர வேண்டும். கவுன்டரிலிருந்து அதே கட்டளைக்கு ‘ட்ரூ’ வர வேண்டும்.

வில்லியனூர் வாசகர்: 3389ஐத் தடுத்து ரூல் எழுதினேன். அதே கம்ப்யூட்டரில் 127.0.0.1க்கு டெல்நெட் (ஒரு துறையில் இணைந்து பார்க்கும் கட்டளை) போட்டால் இணைகிறது. என் ஐ.பி.யைப் போட்டாலும் இணைகிறது!

இணையத்தான் செய்யும். தன்னிலிருந்து தனக்கே போகும் பேச்சை விண்டோஸ் ஃபயர்வால் வடிகட்டுவதில்லை. சொந்த ஐ.பி.யைப் போட்டாலும் அது கம்பிக்கு வெளியே போகாமல் உள்ளேயே திரும்பிவிடும். வேறொரு கருவியிலிருந்து சோதியுங்கள்.

புதுச்சேரி வாசகி: ஒயிட் டவுன் பக்கம் நான்கு அறை கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறோம். வரவேற்பறை லேப்டாப்பில்தான் வெளிநாட்டு விருந்தினர்களைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்கும் படிவ வேலை, அவர்களது பாஸ்போர்ட் ஸ்கேன் எல்லாம். தங்கியிருந்த ஒருவர், ‘உங்கள் ஃபோல்டர் என் கம்ப்யூட்டரில் தெரிகிறதே’ என்று காட்டினார். பகீரென்றது. ஃபயர்வால் ஆன் தான்!

ஃபயர்வால் ஆனில்தான் இருக்கிறது. அதனிடம் ‘இது பிரைவேட் நெட்வொர்க், எல்லோரும் நம்மவர்’ என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கும் விருந்தினருக்கும் ஒரே வைஃபை, ஒரே பாஸ்வேர்ட். இன்றே செய்ய வேண்டியது, வைஃபை பண்புகளில் நெட்வொர்க்கை ‘பப்ளிக்’ ஆக மாற்றுவதும், பாஸ்போர்ட் ஃபோல்டரில் ஷேரிங்கை எடுப்பதும். ‘எவ்ரிஒன்’ என்று ஷேர் செய்திருப்பீர்கள், அதைப் பாருங்கள்.

நிரந்தரத் தீர்வு, ரவுட்டரில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ திறந்து விருந்தினர்களை அங்கே அனுப்புவது. ‘கெஸ்ட்கள் உள் நெட்வொர்க்கைப் பார்க்கலாம்’ என்ற டிக் அணைந்திருக்க வேண்டும். பிரின்டரும் லேப்டாப்பும் பழைய நெட்வொர்க்கிலேயே இருக்கட்டும், அதன் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். சிலர் ‘ஏபி ஐசொலேஷன்’ மட்டும் போட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அது வைஃபையில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று பார்ப்பதைத் தடுக்கும். கேபிளில் இணைந்த கம்ப்யூட்டரைப் பல ரவுட்டர்களில் அது காக்காது.

பழைய வீடுகளின் கனத்த சுவரைத் தாண்ட, உள் அறைகளுக்கு இரண்டாவது ரவுட்டர் ஒன்றை ஆக்சஸ் பாயின்ட்டாக வைத்திருப்பீர்கள். பல மாடல்களில் அந்த நிலையில் கெஸ்ட் நெட்வொர்க் என்பது பெயருக்குத்தான். அதில் இணைந்தவர் நேராக உங்கள் உள் நெட்வொர்க்கில் வந்து இறங்குவார். அதனால் ஒவ்வோர் அறையிலும் போனோடு போய், கெஸ்ட் வைஃபையில் இணைந்து, போர்ட் ஸ்கேன் செய்யும் ஆப் ஒன்றால் லேப்டாப்பின் முகவரியைச் சோதியுங்கள். ஓர் அறையில் அது தெரிந்தாலும் வேலை முடியவில்லை.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்: சோதனையில் எல்லாம் ‘ஸ்டெல்த்’, 113 மட்டும் ‘குளோஸ்டு’. ஆபத்தா?

இல்லை. ‘குளோஸ்டு’ என்றால் தட்டியதும் ‘இங்கே யாருமில்லை’ என்று பதில் வருகிறது. ‘ஸ்டெல்த்’ என்றால் பதிலே இல்லை. உள்ளே நுழைய இரண்டிலும் வழி கிடையாது. 113 பழைய ‘ஐடென்ட்’ சேவையின் துறை. சில பழைய மெயில், சாட் சர்வர்கள் இதைத் தட்டிப் பார்த்து, பதில் வராவிட்டால் காத்துக் கிடக்கும். அதனால் சில ரவுட்டர்கள் வேண்டுமென்றே இதற்கு மட்டும் ‘இல்லை’ என்று சொல்லிவிடுகின்றன.

காலாப்பட்டு மாணவர்: உபுண்டு லினக்ஸில் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் போட்டு 5432ஐ ‘டினை’ செய்திருக்கிறேன். ஸ்டேட்டஸும் ‘ஆக்டிவ்’. ஆனால் ஹாஸ்டல் வைஃபையில் நண்பன் என் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்குள் நுழைகிறான். டாக்கரில் (மென்பொருளை ‘கன்டெய்னர்’ என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓட்டுகிறேன்.

கடைசி வாக்கியத்தில்தான் விடை. யுஎஃப்டபிள்யூவின் ரூல்கள் ‘இன்புட்’ சங்கிலியில் உட்கார்ந்திருக்கின்றன. அதாவது உங்கள் கம்ப்யூட்டருக்கென்றே வரும் பாக்கெட்டுகளின் (தரவுத் துண்டுகளின்) வழியில். டாக்கரோ, போர்ட்டை வெளியிடச் சொன்னதும் ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் பாக்கெட் வடிகட்டி) அதற்கும் முன்னாலேயே ஒரு திருப்பம் வைத்துவிடுகிறது. 5432க்கு வரும் பாக்கெட் அங்கேயே கன்டெய்னரின் முகவரிக்குத் திருப்பப்பட்டு ‘ஃபார்வர்ட்’ வழியில் போய்விடும். உங்கள் ‘டினை’ நிற்கும் தெருவுக்கே அது வருவதில்லை.

‘-பி 5432:5432’ என்று எழுதியிருப்பதை ‘-பி 127.0.0.1:5432:5432’ என்று மாற்றுங்கள். கம்போஸ் கோப்பென்றால் (கன்டெய்னர் அமைப்புகளை எழுதி வைக்கும் கோப்பு) ‘போர்ட்ஸ்’ பகுதியில் இதே மாற்றம். கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்தால் பழைய அமைப்பே தொடரும், நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டும். டேட்டா வால்யூமில் (கன்டெய்னரை நீக்கினாலும் தங்கும் சேமிப்பிடம்) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நீக்குங்கள்! டாக்கர் இன்ஜின் 28.0க்கு முந்தையதென்றால், 127.0.0.1 என்று எழுதியும் அதே நெட்வொர்க்கில் உள்ளவர் விவரம் தெரிந்தால் நுழைய வழியிருந்தது. ஹாஸ்டல் வைஃபையில் இருப்பதால் பதிப்பையும் உயர்த்துங்கள். வெளியாள் சிலருக்கு மட்டும் திறக்க வேண்டியிருந்தால் ரூலை ‘டாக்கர்-யூசர்’ சங்கிலியில் எழுத வேண்டும். ஆப்பும் டேட்டாபேஸும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் இருந்தால் 5432ஐ வெளியிடவே வேண்டியதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே பேசிக்கொள்ளும்.

நெல்லிக்குப்பம் வாசகர்: சிசிடிவி போட்ட பிறகு 554, 8000 இரண்டும் வெளியில் திறந்து தெரிகிறது. ரவுட்டரில் நான் எதுவும் ஃபார்வர்ட் செய்யவில்லை.

நீங்கள் செய்யவில்லை, டிவிஆர் (கேமராப் படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) தானே செய்துகொண்டது. யுபிஎன்பி என்ற வசதி இருந்தால் உள்ளே இருக்கும் கருவி ரவுட்டரிடம் கேட்டு வாசல் திறந்துகொள்ளலாம், யாரும் பாஸ்வேர்ட் கேட்பதில்லை. டிவிஆரின் நெட்வொர்க் மெனுவில் யுபிஎன்பியை அணைத்து, பிறகு ரவுட்டரிலும் அணைத்து, ரவுட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். நிறுவனத்தின் மொபைல் ஆப்பில் க்யூஆர் ஸ்கேன் செய்து படம் பார்ப்பவராக இருந்தால் அது நிற்காது. அங்கே டிவிஆர்தான் வெளியே போய்ப் பேசுகிறது, வெளியாள் உள்ளே வர வேண்டியதில்லை. கேமரா பொருத்தியவர் வைத்த பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், அவர் எல்லா வீட்டுக்கும் ஒன்றையே வைத்திருப்பார்.

நெய்வேலி வாசகர்: ஐபிவி4 சோதனையில் எல்லாம் சுத்தம். ஐபிவி6 சோதனையில் 445 திறந்திருக்கிறது என்கிறது. ரவுட்டருக்குப் பின்னால்தானே இருக்கிறேன்?

ஐபிவி4 பழைய ஐ.பி. முகவரி முறை, ஐபிவி6 புதியது. ஐபிவி6இல் முகவரிக்குப் பஞ்சமில்லை. அதனால் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் உலகம் முழுதும் செல்லும் முகவரி நேராகவே கிடைக்கும். ஐபிவி4இல் ரவுட்டர் முகவரி மாற்றுவதால் தற்செயலாகக் கிடைத்த மறைவு இங்கே இல்லை. ரவுட்டரில் ‘ஐபிவி6 ஃபயர்வால்’ என்று தனியே இருக்கும், அது அணைந்திருக்கிறது. போடுங்கள். பிறகு முதுநகர் வாசகருக்குச் சொன்னபடி 445 ரூலின் ஸ்கோப்பில் ‘எனி’ இருந்தால் மாற்றுங்கள். ‘எனி’ என்பதில் ஐபிவி6உம் அடக்கம்.

முத்தியால்பேட்டை வாசகர்: ஓராண்டு சந்தா முடிந்த செக்யூரிட்டி மென்பொருள் அப்படியே கிடக்கிறது. அதன் ஃபயர்வால் வேலை செய்யுமா?

அதை நம்பி இருக்காதீர்கள். இப்படிப்பட்ட மென்பொருள் ஏறும்போது ஃபயர்வால் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டு விண்டோஸினுடையதை ஒதுங்க வைக்கும். சந்தா முடிந்தபின் எந்தப் பகுதி ஓடும், எது நிற்கும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். புதுப்பிக்கப் போவதில்லை என்றால் கன்ட்ரோல் பேனலில் நீக்கி, அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியையும் ஓட்டி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் டொமைன், பிரைவேட், பப்ளிக் மூன்றுக்கும் நேரே ஃபயர்வால் ‘ஆன்’ என்று இருக்கிறதா பாருங்கள். ஏதாவது ஒன்று ‘ஆஃப்’ என்றிருந்தால் கையால் போடுங்கள். அதே மென்பொருளின் பெயரில் இன்பவுண்ட் ரூல்களில் மிச்சம் கிடந்தால் அவற்றையும் எடுத்துவிடுங்கள்.